இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஸ்டீராய்டு: எங்கள் பன்னிரண்டு வாரக் கணக்கு

2022 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரத்தில், என் மகன் காலையில் எழும்போது இரண்டு கண்ணிமைகளும் உப்பியிருந்தன. அப்போது அவனுக்கு இரண்டே கால் வயது. மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டதால், இரவில் ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாளும் அப்படியே இருக்கவே ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். ஒவ்வாமை என்று சொல்லி ஐந்து நாளுக்குச் சிரப் எழுதிக் கொடுத்தார். அந்த ஐந்து நாளில் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "பையன் நல்லாச் சதை போட்டுட்டானே" என்று மகிழ்ந்து கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். ஆறாம் நாள் குளிப்பாட்டும்போது, கால்சட்டையின் எலாஸ்டிக் இடுப்பைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருந்ததையும், விதைப்பை நீர் கோத்துப் பளபளத்ததையும் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அன்று மாலையே மதுரைக்குக் கிளம்பினோம்.

அங்கே குழந்தை மருத்துவர் அவனுடைய கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. சிறுநீரில் புரதம் நான்கு பிளஸ் (மிக அதிகம்), இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 1.6 கிராம், கொழுப்பு 420 என்று முடிவுகள் வந்தன. ஆல்புமின் மூன்றரைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் கேட்டறிந்தேன். சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறதா என்று காட்டும் யூரியாவும் கிரியாட்டினினும் சரியாக இருந்தன. "நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்" என்றார் மருத்துவர்; சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் கசியவிடும் நோய். அடுத்த வாக்கியத்திலேயே, "ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார். நோயின் பெயர் எங்கள் இருவருக்கும் புதியது என்பதால் அது எங்களைத் தொடவே இல்லை. இரண்டாவது வாக்கியம்தான் என் கணவரின் முகத்தை மாற்றியது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அதே முகமாற்றத்தை நான் பிறகு பல பெற்றோரிடம் பார்த்திருக்கிறேன் என்பதுதான். புறநோயாளிப் பிரிவு வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார் மெதுவாகச் சொல்வார்கள்: "வீக்கம் வடிஞ்சதும் நானே பாதியாக் கொறைச்சுட்டேங்க." அப்படிக் குறைத்ததால் திரும்ப வீங்கி வந்திருப்பார்கள். வேறு சிலர், பயம் எதிர்த்திசையில் வேலை செய்ய, முந்தைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் தாங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த நோயில் ஸ்டீராய்டு என்பது ஒரு கணக்கு. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், எந்த நாளில் நிறுத்துவது என்ற மூன்றும் அதில் அடங்கும். குறைத்தாலும் தவறு, நீட்டினாலும் தவறு. எங்களுக்கு அந்தக் கணக்கு எங்கே பிசகியது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய நாளக் கொத்துகளைச் சுற்றி, விரல்கள் கோத்ததுபோல ஒன்றோடொன்று பின்னிப் பிடித்திருக்கும் போடோசைட் என்ற செல்கள் இருக்கின்றன. அந்த விரல்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகள் வழியாகத் தண்ணீரும் கழிவும் போகும்; ஆல்புமின் போன்ற புரதம் போகாது. இந்த நோயில் அந்த விரல்கள் தட்டையாகி, வடிகட்டி தன் பிடியை இழக்கிறது. புரதம் சிறுநீரில் கொட்டுகிறது. இரத்தத்தில் புரதம் குறைந்ததும், நாளங்களில் தங்க வேண்டிய நீர் தோலுக்கு அடியிலும் வயிற்றிலும் போய்த் தேங்குகிறது. காலையில் இமையிலும் மாலையில் காலிலுமாக வீக்கம் இடம் மாறுவது இதனால்தான். ஏன் அந்தச் செல்கள் தட்டையாகின்றன என்பதற்கு நீண்ட காலம் தெளிவான விடை இல்லாமல் இருந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் முன்னின்று செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு, அந்த விரல்களை இணைக்கும் நெஃப்ரின் என்ற புரதத்துக்கு எதிராக உடலே தயாரித்த எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. மருந்து எதுவும் தொடங்காமல் நோய் தீவிரமாக இருந்த குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பத்தில் ஒன்பது பேருக்கு இருந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்த வடிகட்டியையே தாக்குகிறது என்றால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது எனக்குப் புரிந்தது. அது புரிந்த பிறகு ஸ்டீராய்டைப் பற்றிய என் பயம் பாதியாகக் குறைந்தது.

நோய் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. பிரிட்டனில் கணக்கெடுத்தபோது, அங்கே வாழும் தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஒரு வயது நிறைந்த பிறகு, வழக்கமான அடையாளங்களோடு தொடங்கினால், சிறுநீரகத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவையில்லை. நேராக ஸ்டீராய்டு தொடங்குகிறார்கள், பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் அதற்குப் பணிந்துவிடுகிறார்கள். பிறந்த மூன்று மாதத்துக்குள் தொடங்கினால் கதை வேறு. அது பெரும்பாலும் பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு. அங்கே ஸ்டீராய்டு பயன் தராது. ஆகவே, "பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் இதே வீக்கம்தான், அதற்கு இதைக் கொடுத்தார்கள்" என்று ஒப்பிட்டுப் பேசுவதில் பொருளில்லை.

எங்கள் வீட்டில் முதல் எதிர்ப்பு என் மாமியாரிடமிருந்து வந்தது. "ஏத்தா, பச்சப்புள்ளைக்குப் போயி ஸ்டீராய்டு குடுக்கலாமா? எலும்பெல்லாம் உருகிப்போகும்னு சொல்றாக" என்று கண் கலங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொட்டலப் பொடியை வருடக்கணக்கில் தின்று, முகம் வீங்கி, சர்க்கரை ஏறி அவதிப்பட்ட சொந்தக்காரர்களை அவர் பார்த்திருக்கிறார். ஊரில் ஸ்டீராய்டுக்கு உள்ள கெட்ட பெயர் காற்றில் வந்ததல்ல. மூக்கிரட்டைக் கீரையும் வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சிமுள் கஷாயமும் நீரைப் பிரித்துவிடும் என்று பலர் சொன்னார்கள். நீர் பிரிந்தாலும் ஓட்டையான வடிகட்டி அடைபடாது என்பதோடு, புரதம் இவ்வளவு குறைந்த குழந்தையிடமிருந்து நீரைக் கட்டாயமாக இறக்கினால் இரத்தநாளங்களில் உள்ள நீரளவே ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்று மருத்துவர் விளக்கினார். நீர் இறக்கும் ஆங்கில மாத்திரையைக்கூட அவர் அளந்து, இரண்டே நாள்தான் கொடுத்தார். "புரதம்தானே போகிறது, தினம் நாலு முட்டை கொடுங்கள்" என்ற அறிவுரையும் வந்தது. கொட்டுகிற பாத்திரத்தில் மேலும் ஊற்றுவதால் பாத்திரம் நிறையாது. வயதுக்கேற்ற சாதாரணப் புரத உணவு போதும். வீக்கம் இருந்த நாட்களில் உப்பைத்தான் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பாக்கெட் சிப்ஸ் எல்லாம் வீட்டை விட்டே போயின.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மருந்தின் பெயர் ப்ரெட்னிசலோன். நம் நாட்டுக் குழந்தை சிறுநீரக மருத்துவர்கள் 2021இல் புதுப்பித்த வழிகாட்டுதலின்படி, முதல் முறை நோய் வரும்போது ஆறு வாரம் தினமும், அடுத்த ஆறு வாரம் குறைந்த அளவில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நிறுத்தம். தினசரி அளவு உடலின் பரப்பளவில் சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம், அல்லது கிலோவுக்கு 2 மில்லிகிராம். எவ்வளவு பெரிய பிள்ளையானாலும் நாளுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டாது. இந்த இரண்டு முறையும் ஒரே விடை தருவதாக நான் நினைத்திருந்தேன். சின்னக் குழந்தைகளுக்கு அப்படி இல்லை. என் மகனின் எடை வீக்கத்தோடு 14.6 கிலோ. டிசம்பரில் தடுப்பூசி அட்டையில் எழுதியிருந்த எடை 12 கிலோ. மருத்துவர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, வீக்கம் இல்லாத 12 கிலோவைத்தான் எடுத்துக்கொண்டார். 86 சென்டிமீட்டர் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பரப்பளவு 0.53 சதுர மீட்டர் வந்தது. கிலோவுக்கு 2 என்றால் 24 மில்லிகிராம், பரப்பளவுப்படி 32. மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். அவர் 30 என்று எழுதினார். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் பெற்றோர், தங்கள் மருத்துவர் எந்தக் கணக்கில் எழுதியிருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அளவை நாமே திருத்துவதற்காகச் சொல்லவில்லை. நாம் கொடுப்பது எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தெரிந்திருக்காததால் நாங்கள் பட்டது இது. மாத்திரையை அவனால் விழுங்க முடியாது. பொடித்துத் தேனில் குழைத்தாலும் கசப்பு நாக்கில் பட்டதும் துப்பிவிடுவான். அதனால் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து மில்லியில் 15 மில்லிகிராம் இருக்கும் சிரப்பில் காலை உணவுக்குப் பிறகு பத்து மில்லி. அறுபது மில்லி பாட்டில் ஆறு நாளில் தீர்ந்தது. ஆறாம் நாள் சிறுநீரில் புரதம் நாலு பிளஸிலிருந்து இரண்டு பிளஸுக்கு இறங்கியிருந்தது. அடுத்த பாட்டிலை எங்கள் ஊர்க் கடையில் வாங்கினோம். அதே கம்பெனி, ஏறத்தாழ அதே பெட்டி, அதே பெயர். மறுபடி பத்து மில்லி. புரதம் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது, அங்கேயே நின்றது. எட்டாம் நாள், பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் என்று ஒவ்வொரு காலையும் சிறுநீர்ச் சோதனை ஸ்ட்ரிப்பில் புரதம் இருப்பதைக் காட்டும் அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்துப் பார்த்து, ஸ்டீராய்டுக்குப் பணியாத வகை என்று சொல்வார்களே, அதுதான் என் பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். இரவெல்லாம் அழுதேன். பதினைந்தாம் நாள் மருத்துவர் மீண்டும் பரிசோதித்துவிட்டு, "மருந்து பாட்டில் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி, பெயருக்குக் கீழே இருந்த சிறிய எழுத்தை என் பக்கம் காட்டினார். ஐந்து மில்லியில் 5 மில்லிகிராம். ஒன்பது நாளாக என் பிள்ளைக்கு 30 மில்லிகிராமுக்குப் பதிலாக 10 மில்லிகிராம் போயிருக்கிறது.

கடைக்காரர் பெயரை மட்டும் பார்த்து எடுத்தார்; நானும் பெயரை மட்டும் பார்த்து வாங்கினேன். மருத்துவர் கோபப்படவில்லை. "சரியான அளவு தொடங்கும் நாள்தான் முதல் நாள்" என்று சொல்லி, ஆறு வாரக் கணக்கை மறுபடி தொடங்கினார். எட்டாம் நாள் காலை ஸ்ட்ரிப் மஞ்சளாகவே நின்றது. அடுத்த இரண்டு நாளும் அப்படியே. மூன்று காலை தொடர்ந்து புரதம் இல்லை அல்லது சுவடு மட்டும் என்றால்தான் நோய் அடங்கியது என்று கணக்கு. அன்றிலிருந்து எந்தச் சிரப்பை வாங்கினாலும், கடையிலேயே நின்று, ஐந்து மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால், அது இந்த வரியாக இருக்கட்டும்.

காலைச் சோதனை எங்கள் வீட்டில் பல் தேய்ப்பதைப்போல ஆகிவிட்டது. எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் பிடித்து, ஸ்ட்ரிப்பை நனைத்து எடுத்து, ஓரத்தைத் தட்டி, அறுபது விநாடி கழித்துப் பாட்டிலில் உள்ள நிறக் கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். மஞ்சள் என்றால் இல்லை. இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு பிளஸ். டியூப் விளக்கு வெளிச்சத்தில் சுவடும் ஒரு பிளஸும் எனக்குக் குழம்பும். அதனால் கொல்லைப்புற வாசலில் நின்றுதான் பார்ப்பேன். ஸ்ட்ரிப் கிடைக்காத நாளில், சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து மேல்பகுதியை மட்டும் கொதிக்கவைத்துப் பார்க்கும் பழைய முறையையும் மருத்துவமனையில் கற்றுத் தந்தார்கள். கலங்கினால் சில துளி நீர்த்த அசிட்டிக் அமிலம் விட வேண்டும்; கலங்கல் தெளியாமல் நின்றால் புரதம் இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, புரத அளவு, கொடுத்த மருந்து, காய்ச்சல் சளி இருந்ததா என்று நான்கு பத்திகள் போட்டு எழுதுகிறேன். இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. மருத்துவர் அவனைப் பார்ப்பதற்கு முன் நோட்டைத்தான் பார்ப்பார்.

முதல் ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு என் பிள்ளையை என்ன செய்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரத்தில் பசி தொடங்கியது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "இட்லி வேணும்" என்று அழுவான். இட்லி வைத்தால் சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்பான். சாப்பாட்டைத் தடுப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கொடுமை என்பதை அந்த வாரங்களில் அறிந்தேன். வெள்ளரிக்காய், உப்பில்லாமல் அவித்த பயறு, பப்பாளித் துண்டு என்று வயிற்றை நிரப்பியும் மூன்று கிலோ ஏறிவிட்டது. முகம் நிலவுபோல் உருண்டது. நெற்றியிலும் முதுகிலும் பூனைமுடி அடர்ந்தது. கோபம்தான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அதுவரை சாதுவாக இருந்த பிள்ளை, டம்ளரை எடுத்து என் மேல் எறிந்தான். சிறிது நேரத்தில் அவனே வந்து மடியில் விழுந்து தேம்பினான். அது மருந்தின் வேலை, வளர்ப்பின் குறை அல்ல என்று செவிலியர் ஒருவர் சொன்ன சொல் என்னைத் தாங்கியது. ஒருநாள் விட்டு ஒருநாள் என்று 20 மில்லிகிராமுக்கு மாறிய மூன்றாம் வாரத்தில் தூக்கம் சீரானது. நிறுத்திய மூன்று மாதத்தில் முகம் பழைய முகமானது. நீண்ட நாள் தரும்போது உயரம் வளர்வது மட்டுப்படலாம், கண்ணில் புரை விழலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், எலும்பின் அடர்த்தி குறையலாம் என்பதெல்லாம் உண்மை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் குழந்தைகளுக்கான சிறிய கைப்பட்டை கொண்டு அழுத்தம் பார்க்கிறார்கள், உயரத்தைக் கோட்டுப் படத்தில் குறிக்கிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள்.

மருந்து இல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எதிர்த்தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் இல்லாத காலத்தில், இந்த நோய் வந்த குழந்தைகள் மாதக்கணக்கில் வீங்கிக் கிடந்தார்கள். பலர் வயிற்றுக்குள் கிருமி தொற்றி இறந்தார்கள். சிறுநீரில் போவது ஆல்புமின் மட்டுமன்று, கிருமியை எதிர்க்கும் புரதங்களும்தான். அந்நாளில் தட்டம்மை வந்த சில குழந்தைகளுக்கு வீக்கம் வடிந்துபோனதை மருத்துவர்கள் கவனித்து வியந்தார்கள். கார்ட்டிசோனுக்காக 1950இல் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்த அதே காலகட்டத்தில்தான் அந்த வகை மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கும் வந்து சேர்ந்தன.

எவ்வளவு நாள் கொடுப்பது என்ற கேள்வி அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. 1960களின் பிற்பகுதியில் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து நான்கு வாரம் தினமும், நான்கு வாரம் இடைவிட்டும் என்று தொடங்கினார்கள். ஜெர்மானிய மருத்துவர்கள் ஆறும் ஆறுமாக நீட்டினார்கள். இன்னும் நீட்டினால் திரும்ப வருவது குறையும் என்ற நம்பிக்கையில் ஆறு மாதம் வரை கொடுக்கும் வழக்கமும் பரவியது. அந்த நம்பிக்கையை ஒன்றன்பின் ஒன்றாக நடந்த ஆய்வுகள் தகர்த்தன. நெதர்லாந்தில் 2013இல் மூன்று மாதத்தையும் ஆறு மாதத்தையும் ஒப்பிட்டார்கள். 2015இல் ஜப்பானில் 255 குழந்தைகளிடம் இரண்டு மாதத்தையும் ஆறு மாதத்தையும், அதே ஆண்டு வெளியான இந்திய ஆய்வில் 181 குழந்தைகளிடம் மூன்று மாதத்தையும் ஆறு மாதத்தையும் ஒப்பிட்டார்கள். 2019இல் பிரிட்டனில் 237 குழந்தைகளிடம் எட்டு வாரத்தையும் பதினாறு வாரத்தையும் ஒப்பிட்டார்கள். நீட்டியதால் நோய் அடிக்கடி திரும்புவது குறையவில்லை என்பதே நான்கிலும் கிடைத்த விடை. பன்னிரண்டாம் வாரம் முடிந்த மறுநாள், பயத்தில் "இன்னும் ஒரு மாதம் கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்ட எனக்கு, மருத்துவர் இந்த விவரத்தைத்தான் பொறுமையாகச் சொன்னார். தொடங்கும் நாளைப்போல நிறுத்தும் நாளும் ஆய்வு செய்து கண்டறிந்த நாள் என்பது எனக்கு அன்று பெரிய ஆறுதல்.

ஆனாலும் நோய் திரும்பியது. ஸ்டீராய்டுக்குப் பணிந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒருமுறையாவது திரும்பும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு அடிக்கடி திரும்பும். எங்களுக்கு 2022 ஆகஸ்டில், ஒரு சளிக்குப் பிறகு, மூன்று காலை தொடர்ந்து மூன்று பிளஸ் வந்தது. அதுதான் திரும்பியதற்கான அளவுகோல். ஒருநாள் மட்டும் இரண்டு பிளஸ் வந்தால் காய்ச்சலாலும் இருக்கலாம், பதற வேண்டியதில்லை. இம்முறை இமை வீங்குவதற்கு முன்பே நோட்டு காட்டிக் கொடுத்துவிட்டதால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது கணக்கு வேறு: மூன்று நாள் தொடர்ந்து புரதம் இல்லாமல் வரும் வரை தினமும், பிறகு நான்கு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். எங்களுக்கு ஒன்பது நாளில் அடங்கியது. 2023இல் மேலும் மூன்று முறை, அவற்றில் இரண்டு சில மாத இடைவெளியிலேயே வந்தபோது, இனி ஸ்டீராய்டை மட்டும் நம்பினால் பிள்ளை வளரமாட்டான் என்று மருத்துவரே சொல்லி, லெவாமிசோலைச் சேர்த்தார். ஒரு காலத்தில் குடற்புழு மருந்தாக இருந்த அது, ஸ்டீராய்டின் தேவையைக் குறைக்க இங்கே உதவுகிறது. இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்கும் அடங்காத பிள்ளைகளுக்கு மைக்கோஃபீனலேட், டாக்ரோலிமஸ், ரிட்டுக்சிமாப் என்று அடுத்தடுத்த படிகள் உண்டு. கடைசியாகத் திரும்பியது 2024 மார்ச்சில்.

சளிப் பிரச்சினையில் மருத்துவமே மனம் மாறியதையும் பார்த்தேன். சளி பிடித்ததும் சில நாள் சிறிய அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் திரும்புவதைத் தடுக்கலாம் என்று முன்பு பல இடங்களில் செய்துவந்தார்கள். 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், சளி தொடங்கியதும் ஆறு நாள் தினமும் மருந்து தந்த குழந்தைகளுக்கும் தராத குழந்தைகளுக்கும் திரும்புவதில் வேறுபாடு இல்லை என்று தெரிந்தது. எங்கள் மருத்துவர் அதன்பிறகு ஒவ்வொரு மூக்கொழுகலுக்கும் கூட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார். முன்பு சொன்னதை மாற்றிச் சொல்கிறாரே என்று என் கணவர் சற்றுச் சங்கடப்பட்டார். மாற்றிச் சொல்லத் துணிந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது.

ஒன்றை மட்டும் எந்தப் பெற்றோரும் தாங்களாகச் செய்யக்கூடாது: திடீரென்று நிறுத்துவது. சில வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துவிடும். அந்த நேரத்தில் கடும் காய்ச்சலோ, வாந்தியோ, அறுவைச் சிகிச்சையோ வந்தால் உடலுக்குத் தேவையான கூடுதல் ஹார்மோன் கிடைக்காது. இரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். மருந்தை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தாலும், எந்த மருத்துவமனைக்குப் போனாலும், கடந்த ஒரு வருடத்தில் ஸ்டீராய்டு எடுத்திருக்கிறான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குடித்த மருந்தை வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அதே பக்கத்தில் தடுப்பூசி விவரமும் இருக்கிறது. அதிக அளவு ஸ்டீராய்டில் இருக்கும்போது உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளைத் தள்ளிவைக்க வேண்டும். போலியோ சொட்டு மருந்தும் அந்த வகை. சொட்டு மருந்து முகாமிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்த சகோதரியிடம் அதை விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. மருத்துவரின் சீட்டைக் காட்டியதும் புரிந்துகொண்டார். மாறாக, நிமோனியாத் தடுப்பூசியும் ஃப்ளூ ஊசியும் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம் தேவை. 2023 கோடையில் பக்கத்து வீட்டில் அம்மை போட்டு, வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். அதற்கு முந்தைய நாள்வரை அந்த வீட்டுப் பிள்ளையோடு என் மகன் விளையாடியிருந்தான். ஸ்டீராய்டில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரல்வரை போகலாம் என்பதால், கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்காமல் அன்றே மதுரைக்குப் போனோம். சீக்கிரமே போட வேண்டிய எதிர்ப்பொருள் ஊசியைப் போட்டார்கள். அவனுக்கு அம்மை வரவில்லை. நோய் அடங்கி, ஸ்டீராய்டு இல்லாதிருந்த இடைவெளியில் சின்னம்மைத் தடுப்பூசியும் போட்டாயிற்று.

இந்த ஜூனில் அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். வகுப்பு ஆசிரியைக்கு நான் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இது ஒட்டுவார் ஒட்டி அல்ல. அவன் எல்லாப் பிள்ளைகளோடும் ஓடி விளையாடலாம். முகம் உப்பியிருந்தால் கிண்டல் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கக் கேட்டால் உடனே அனுப்புங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை வந்தால் அன்றே எனக்கு ஒரு ஃபோன் செய்யுங்கள். காய்ச்சலோடு வயிறு வலிக்கிறது என்று சொன்னால், பள்ளி விடும் நேரம்வரை வைத்திருக்காமல் என்னைக் கூப்பிடுங்கள், வயிற்றுக்குள் கிருமி தொற்றியிருக்கலாம். ஆசிரியை அதைப் படித்துவிட்டு வருகைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டிக்கொண்டார். கீழே என் எண்ணையும் என் கணவரின் எண்ணையும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.